முருகேசனாக ஆறு வருடம்

முத்தமிழ்செல்வன் என்று மகனுக்குப் பெயர் வைத்த அரும்பாவூர் அப்பாவுக்கு, அந்தப் பிள்ளைக்குத் திக்குவாய் வரும் என்று அப்போது எப்படித் தெரியும்? வேறு எந்தச் சொல் தொண்டையில் நின்றாலும் அவன் பக்கத்துச் சொல்லைப் போட்டு ஒப்பேற்றிவிடுவான். கண்டக்டரிடம் "பெரம்பலூர்" வராவிட்டால் "டவுன் ஒண்ணு" என்பான். சொந்தப் பெயருக்கு அப்படி மாற்றுச் சொல் கிடையாதே.

ஆறு வருடத்துக்கு முன் பெரம்பலூரில் ஒரு விதைக்கடைக்கு வேலை கேட்டுப் போனான். முதலாளி சாமிதுரை பெயரைக் கேட்டார். "மு..." என்று நின்றுவிட்டது. கண்ணை மூடி, வலது காலால் தரையைத் தட்டித் தட்டிப் பார்த்தான். பார்க்கப் பொறுக்காமல் "முருகேசனா?" என்று அவரே முடித்துவைத்தார். விட்டால் போதும் என்று இவனும் தலையாட்டிவிட்டான். மறுநாள் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தான். மறுநாள் மாதமாகி, மாதம் வருடமாகி, இனிமேல் சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்ற நிலைக்கு வந்துவிட்டது. இதில் அவனுக்கு விளங்காத வேடிக்கை ஒன்று: முருகேசன் என்ற பெயர் அவன் வாயில் ஒருநாளும் திக்கியதில்லை. அதே மு, அதே வாய். தன் பெயர் இல்லை என்பதால் வழிவிடுகிறதோ என்னவோ.

இந்த வருடம் ஆடி பிறந்ததும் முதலாளி அவனைக் கூப்பிட்டார். குடோனில் மூட்டை அடுக்கியது போதும், நெல்லில் குருத்துப்பூச்சி பற்றி உன்னைவிடத் தெரிந்தவன் இல்லை, ஊர் ஊராகப் போய் விவசாயிகளிடம் நீயே பேசு என்றார். புதன்கிழமை தா.பழூரில் முதல் கூட்டம். சரிவராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகவும் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த வேலை அவனுக்கு வேண்டும். எந்தப் பெயரில் போய் நிற்பது என்பதுதான் தெரியவில்லை.

அதைப் பேச அவனுக்கு இருந்தது புவனேஸ்வரி ஒருத்திதான். திக்குகிறவர்களின் போன் குழு ஒன்றில் பழக்கமானவள். அரியலூரில் இ-சேவை மையத்தில் வேலை. அவளுக்கு 'ப' வராது. ஞாயிறுதோறும் இருவரும் பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் பயிற்சி செய்வார்கள். விபரீதமான பயிற்சி. முன்பின் தெரியாத பத்துப் பேரிடம் வேண்டுமென்றே திக்கிப் பேச வேண்டும். மற்றவர் தள்ளி நின்று பார்க்க வேண்டும். ஒளிப்பதால்தான் பயம் வளர்கிறது, நாமே எடுத்து வெளியே போட்டுவிட்டால் போய்விடும் என்பது குழுவில் சொன்ன யோசனை. இதில் குழப்பம் என்னவென்றால், வேண்டுமென்று திக்கினால் அடுத்த சொற்கள் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். எது தன் திக்கு, எது நடிப்பு என்று அவனுக்கே பிடிபடாது.

அந்த ஞாயிறு ஒன்பது பேர் முடிந்தார்கள். பத்தாவது ஆள் தள்ளுவண்டியில் கொய்யா விற்கும் தங்கசாமி.

"கொ-கொ-கொய்யா கிலோ என்னண்ணே?" என்றான்.

தங்கசாமி நிமிர்ந்தார். உதடு துடித்தது. "எ... எ... எ..." என்று நின்றார். அவருக்கும் திக்குவாய். முகம் கறுத்து, எடைக்கல்லைக் கையில் எடுத்துவிட்டார்.

முத்தமிழ்செல்வனுக்கு உயிரே போய்விட்டது. ஊர் தனக்குச் செய்ததை இந்த மனிதருக்குத் தானே செய்துவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. கேலி இல்லை, எனக்கும் திக்கும், சத்தியம் என்று மளமளவென்று சொன்னான். பாழாய்ப்போன வாய், திக்க வேண்டிய நேரம் பார்த்துப் பிசிறில்லாமல் பேசியது. யார் நம்புவார்கள்? ஓடிவந்த புவனேஸ்வரி, பயிற்சி என்ற சொல்லிலேயே மாட்டிக்கொண்டு "ப... ப..." என்று நிற்க, இவளும் கேலி செய்யச் சேர்ந்து வந்தவள் என்று அவர் நினைத்துக்கொண்டார். திக்கிக் காட்டலாம் என்றால் திக்கு வரமாட்டேன் என்கிறது.

"பேரு எ... என்னடா ஒனக்கு?" என்றார் தங்கசாமி.

முருகேசன் என்று சொல்லியிருக்கலாம். ஏனோ அந்த இடத்தில் இன்னொரு பொய் சொல்ல மனம் வரவில்லை. "மு..." அவ்வளவுதான். கண் மூடிக்கொண்டது, கழுத்து நரம்பு புடைத்தது, வலது கால் தானாகத் தரையைத் தட்டியது. துறையூர் பஸ் ஒன்று ஆள் ஏற்றிப் புறப்பட்டே போய்விட்டது. தங்கசாமி அந்தக் காலைப் பார்த்தார். எடைக்கல்லைக் கீழே வைத்தார். சொல்லை முடித்துவைக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, அவசரமே இல்லாதவர்போல் காத்திருந்தார்.

முழுப் பெயரும் வந்த பிறகு, "ந... நல்ல பேரு" என்றார்.

புதன்கிழமை தா.பழூரில் நாற்பது பேர் வந்திருந்தார்கள். இனி நம் முருகேசன் பேசுவார் என்று சாமிதுரை மைக்கைக் கொடுத்தார். அந்தப் பெயரிலேயே ஆரம்பித்தால் தடையில்லாமல் போய்விடும்; வேலையும் கைக்கு வந்துவிடும். அவனுக்கு அது நன்றாகத் தெரியும்.

"வணக்கங்க. என் பேரு மு..."

நின்றுவிட்டது. முன்வரிசையில் ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். முதலாளி இரக்கப்பட்டு, "முருகேசன்" என்று எடுத்துக் கொடுத்தார். இந்த முறை இல்லையென்று தலையசைத்தான். கால் தட்டியது. தங்கசாமி காத்திருந்ததுபோல் தனக்காகத் தானே காத்திருந்தான். கடைசியில் "முத்தமிழ்செல்வன்" என்று முழுசாக வந்தது.

பிறகு அரைமணி நேரம், ஏழெட்டு இடத்தில் திக்கி, குருத்துப்பூச்சி பற்றிப் பேசி முடித்தான். நன்றாகப் பேசினோமா, மானத்தைக் கெடுத்துக்கொண்டோமா என்று அவனுக்கு விளங்கவில்லை.

திரும்பும்போது சாமிதுரைதான் வண்டி ஓட்டினார். அரியலூர் தாண்டியதும் கேட்டார்.

"வெள்ளிக்கெழம உடையார்பாளையத்துல கூட்டம். நோட்டீசுல எந்தப் பேரப் போடுறதுப்பா? ஆறு வருசமா ஏன் சொல்லல நீ?"

"அன்னைக்கே சொல்ல ஆரம்பிச்சிட்டேன் சார். இன்னைக்கிதான் மு... முடிஞ்சுது."