முதுகு வரைகிறவன்

ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி, பென்சிலால் எதையாவது அளந்துகொண்டே இருப்பான். பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரரை அளந்து வசவு வாங்கியிருக்கிறான். ஓவியப் பள்ளியில் அவனுக்கு ‘முதுகு’ என்று பெயர். மாடலின் முகம் தெரிகிற இடத்துக்கு நாங்கள் அடித்துக்கொள்வோம். அவன் வேண்டுமென்றே கடைசியாக வந்து பின்னால் உட்காருவான்.

“மூஞ்சியப் போட்டா, ‘நான் இப்படியா இருக்கேன்’னு சண்டைக்கு வருவாங்க மச்சான். முதுகு கேக்குமா?”

சின்ன வயதில் அவன் கை பழகியதே முதுகில்தான். ஒற்றை அறை வீடு. மூட்டை தூக்கிவிட்டு வரும் அப்பா, சட்டையைக் கழற்றிப் போட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். பேச்சு கிடையாது. இவன் பின்னால் உட்கார்ந்து சிமெண்டுத் தரையில் கரியால் அந்த முதுகை வரைவான். அம்மா ஈரத்துணியோடு வருவாள். “தரையில வேற ஒரு அப்பனா? இருக்கிற ஒருத்தரத் தாண்டிப் போறதே பெரும்பாடா இருக்கு!”

நேற்றுப் புது மாடல் வந்திருந்தார். இடுப்பில் ஒரு துண்டு மட்டும். முன்னால் இடம் கிடைக்காமல் அன்று நானும் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். இவன் வழக்கம்போல் தாமதமாக வந்து காகிதத்தைப் பொருத்தி, ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். அப்புறம் நிமிரவே இல்லை. கை மட்டும் ஓடியது. தோளில் காய்த்த மேடு, தண்டுவடம் இடப்பக்கம் சாய்கிற இடம், எல்லாம் அச்சாக வந்து விழுந்தன.

ஆசிரியர் பின்னால் வந்து நின்றார். “என்னடா முதுகு, ஆளப் பாக்காமலே போடறே?”

அவர் நகர்ந்ததும் என் பக்கம் சாய்ந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

“எங்கப்பாடா. குடோனுக்குப் போறேன்னு எங்ககிட்ட சொல்லிட்டிருக்காரு. நான் லேத் பட்டறையில வேலை பழகறேன்னு அவர்கிட்ட சொல்லிட்டிருக்கேன்.”

நான் அவன் கையைப் பிடித்தேன். “அவர் திரும்பறதுக்குள்ள ஓடிடுடா, பின்வாசல் தொறந்துதான் இருக்கு.”

எழுந்தான். ஓடப்போகிறான் என்றே நினைத்தேன். ஸ்டூலைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய், மாடலுக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தான். இவனைக் கண்டதும் அவர் தலை அப்படியே தொங்கிப்போனது. அறையில் ஒரு பென்சிலும் நகரவில்லை.

இவன் ஒரு கண்ணை மூடிக் கையை நீட்டினான்.

“தலையக் கொஞ்சம் நிமித்துங்கப்பா.”

அவர் துண்டை இழுத்து இறுக்கிச் செருகிக்கொண்டார். பிறகு, மெதுவாக, மகனுக்கு முகவாயை உயர்த்திக் கொடுத்தார்.