பத்தொன்பது பேருக்கு ஒரே புகழுரை

பதிவாளர் அலுவலகத்தில் அவளுக்குப் புகழுரை அக்கா என்று பெயர். அவளைவிட வயதில் மூத்த அதிகாரிகள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது திருச்சபை, நடத்துவதும் திருச்சபை. ஆண்டுதோறும் பட்டமளிப்பு விழாவில் யாராவது ஒரு பெரிய மனிதருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுப்பார்கள். பேராயர் எழுந்து நின்று அந்த மனிதரைப் பற்றி ஒரு பக்கப் புகழுரை வாசிப்பார். அதை யார் எழுத வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. விதியில் இல்லாத வேலை, இளிச்சவாயர் தலையில்தானே விடியும்? அவள் தலையில் விடிந்தது.

முதல் ஆண்டு பட்டம் வாங்க வந்தவர் ஒரு சிமெண்டு ஆலை முதலாளி. விழாவுக்கு முந்தின நாள் மதியம்தான் அவளிடம் சொன்னார்கள். அவரைப் பற்றி ஏதாவது குறிப்பு அனுப்பும்படி ஆலைக்குப் போன் செய்தாள். சிமெண்டு மூட்டையின் விலைப்பட்டியல் வந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன எழுதுவது? பேனாவைக் கடித்தபடி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு நல்லவரைப் பற்றி எழுத வேண்டுமென்றால் ஒரு நல்லவரை நினைத்துக்கொண்டாவது எழுதலாமே என்று தோன்றியது. அவளுக்கு நன்றாகத் தெரிந்த நல்லவர் ஒருவர்தான் இருந்தார். அவள் கட்டின புருஷன். தையல்காரர்.

மளமளவென்று எழுதிவிட்டாள். 'சொன்ன நாளுக்கு முன்னதாகவே சொன்னதைச் செய்து முடிப்பவர். எவரையும் குறைத்து அளக்காதவர். பிறர் பொருளில் மிஞ்சியதை நூலளவும் தமக்கென வைத்துக்கொள்ளாதவர். தாம் செய்த தவற்றைத் தாமே பிரித்துச் சரிசெய்பவர்.' இன்னும் கொஞ்சம் ஆண்டவர், கொஞ்சம் சமுதாயம். பேராயர் வாசிக்கும்போதே கண் கலங்கிவிட்டார். முதலாளி, யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாளுக்கும் தெரியவில்லை.

அடுத்த ஆண்டு ஓய்வுபெற்ற நீதிபதி. வேலை நெருக்கடி. பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தாள். அதற்கடுத்த ஆண்டு ஆஸ்பத்திரி நடத்துபவர். ஒருமுறை செய்தால் தவறு, மூன்று முறை செய்தால் நடைமுறை. இப்படியே பத்தொன்பது ஆண்டு ஓடிவிட்டது. ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. கீழே உட்கார்ந்திருப்பவர்கள் தங்கள் பிள்ளையின் பெயரைக் கேட்கத்தான் வருகிறார்கள். மேடையில் இருப்பவர்களுக்கு அந்த நேரத்தில் தூக்கம் சொக்கும். பட்டம் வாங்குபவரோ, தன்னைப் பற்றி எழுதிய ஒவ்வொரு சொல்லும் மிகச் சரி என்று தலையாட்டிக்கொண்டிருப்பார்.

வினை பதினொன்றாவது ஆளிடமிருந்து வந்தது. அவர் வானொலிப் போதகர். காலைத் தியானங்கள் என்று அவர் எழுதிய புத்தகத்துக்காகத்தான் பட்டமே கொடுத்தார்கள். ஒருநாள் ஒரு சின்னச் சபையின் போதகருடைய மனைவி, கணவரை இழந்தவர், துணிப்பையில் கணவர் கைப்பட எழுதிய மூன்று நோட்டுப் புத்தகங்களோடு வந்தார். கணவர் அடக்கத்துக்கு வந்த வானொலிப் போதகர், ஜெபத்தோடு வாசித்துத் தருகிறேன் என்று அவற்றை வாங்கிப்போய் ஒரு வருடம் கழித்துத் திருப்பித் தந்தாராம். பதிவாளர் ஒப்பிட்டுப் பார்த்தார். அச்சு அசலாக இருந்தது. நோட்டில் தேநீர் சிந்தி இரண்டு வரி அழிந்துபோன இடத்தில், புத்தகத்தில் மூன்று புள்ளிகள் இருந்தன.

ஆட்சிக் குழு கூடியது. பட்டம் கொடுப்பதற்கு நான்கு விதிகள் இருந்தன, திரும்ப எடுப்பதற்கு ஒன்றுகூட இல்லை. ஆண்டவரே மன்னிக்கிறார், நாம் யார் என்றார் ஒருவர். கேட்டவர்களைத்தான் மன்னிக்கிறார், இவர் இன்னும் கேட்கவில்லையே என்றார் இன்னொருவர். ஒருவரிடம் எடுக்க ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும் என்று பொருளாளர் கவலைப்பட்டார். அவரும் பதினான்காவது ஆண்டில் பட்டம் வாங்கியவர், நில அளவைத் துறையில் பெரிய பதவியில் இருந்தவர். கடைசியில், விதி எழுதுகிற வேலையும் அக்காவின் தலையிலேயே விழுந்தது.

அவள் இரண்டே விதி எழுதினாள். ஒன்று, விசாரிக்காமல் யாரையும் புகழக் கூடாது. இரண்டு, குற்றச்சாட்டு வந்தால் சம்பந்தப்பட்டவரிடம் சான்றைக் காட்டிக் கேட்க வேண்டும். ஒப்புக்கொண்டு சரிசெய்தால், பொய்யான பகுதியை மட்டும் அடித்துவிட்டு மற்றதை விட்டுவிடலாம். மறுத்தால் பட்டமே போக வேண்டும். முதல் விதியை எழுதிவிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

வானொலிப் போதகருக்கு மூன்று கடிதங்கள் போயின. மூன்றாவதுக்குப் பதில் வந்தது. தபாலைப் பிரிப்பது அக்காதான். நான் யாருடையதையும் எடுக்கவில்லை என்று ஒரே வரியில் மறுத்திருந்தார். கூடவே இரண்டு நகல்கள் இணைத்திருந்தார். ஒன்று அவருடைய புகழுரை, மற்றது அவருக்கு இரண்டு வருடம் முன்னால் சர்க்கரை ஆலைக்காரருக்குக் கொடுத்தது. காப்பியடித்தேனா என்று என்னைக் கேட்கிற பல்கலைக்கழகம் முதலில் தன் முதுகைப் பார்க்கட்டும், இல்லாவிட்டால் பத்திரிகைக்காரர்கள் பார்ப்பார்கள் என்று எழுதியிருந்தார்.

அவள் ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. நகல்களை மேசை இழுப்பறையில் தள்ளிவிட்டுக் கடிதத்தை மட்டும் குழுவுக்கு அனுப்பலாம். அன்றைக்குத் தப்பிக்கலாம். நகல்களையும் அனுப்பினால் வேலை போகலாம், அதோடு அந்த அம்மாளின் நியாயமும் கேலிக்கூத்தாகிவிடலாம். வெளியே நடைபாதைப் பெஞ்சில் அந்த அம்மாள் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியே தெரிந்தது. தேநீர்க் கறையைக்கூட விடாமல் எடுத்தவனுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நகல்களையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனாள்.

பதிவாளர் இரண்டு புகழுரைகளையும் வாசித்து முடித்தார். பேராயர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பத்தொன்பது வருஷமா நான் ஒரே பேப்பரையா வாசிச்சேன்?"

"ஆமாங்கய்யா. எழுதினது நான்தான். பேர மட்டும் மாத்திக் குடுத்தேன்."

"ஒவ்வொரு தடவையும் அழுதேனேம்மா."

"தெரியுங்கய்யா."

அப்படியென்றால் அதில் இருப்பதெல்லாம் பொய்யா என்று பொருளாளர் கேட்டார். குறைத்து அளக்காதவர் என்ற வரியைத் தன் துறையை மனத்தில் வைத்து எழுதியதாக நம்பி, அதைச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தார் அவர்.

"பட்டம் வாங்கினவங்கள பத்தி எனக்குத் தெரியாதுங்க. ஒருத்தரப் பொறுத்தவரை ஒவ்வொரு வரியும் உண்மை. ஆண்டவர் மேல ஆணையா சொல்றேன். அது என் வீட்டுக்காரர்."

பிறகு பேராயர் இரண்டாம் விதியை எடுத்து வாசிக்கச் சொன்னார். வானொலிப் போதகரை மூன்று முறை கேட்டும் மறுத்தார், ஆகவே பட்டம் போயிற்று. அக்கா நகல்களைத் தானே கொண்டுவந்து ஒப்புக்கொண்டார், ஆகவே வேலை நிலைக்கும். ஆனால் மீதிப் பதினெட்டுப் பேரையும் விசாரித்து, ஓய்வுபெறுவதற்குள் உண்மையான புகழுரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று தீர்மானமாயிற்று. பொருளாளர் முகம் வெளுத்ததை அவள் கவனிக்காதது போல இருந்துகொண்டாள். நடைபாதைக்கு வந்து பெஞ்சிலிருந்த அம்மாளிடம் முடிவைச் சொன்னாள். அந்தப் பட்டத்தை அவர் கணவர் பேருக்கு மாற்றித் தரச் சொல்லிப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். புத்தகத்தில் அவர் பெயரைப் போட்டால் போதும் என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் எழுந்தார்.

மாலை நேராகக் கடைக்குப் போனாள். தையல்காரர் ஒரு கால்சட்டையின் விளிம்பை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் சொல்லி, புகழுரையை முதல்முறையாக அவருக்கு வாசித்துக் காட்டினாள். அவர் தையல் மெஷினின் மிதியை நிறுத்திவிட்டுக் கேட்டார். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தாள். மனிதர் பேயறைந்தாற்போல் இருந்தார்.

"நூலளவும் வச்சிக்கலன்னு எழுதியிருக்கியே. அதுக்கு ஆணை வேற வச்சிட்டியா?"

"வச்சிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல. போட்டிருக்கிற கோட்டக் கழட்டி உள்ள பாரு."

உள்ளே சாம்பல் நிறப் பட்டு லைனிங். கல்யாண நாளுக்காக அவரே தைத்துக் கொடுத்த கோட்டு, அன்றைக்கு ஆணை வைக்கும்போதும் அதைத்தான் போட்டிருந்தாள். பல் டாக்டரம்மாவின் உடுப்பில் மிஞ்சிய ஒன்றரை கஜம் அது என்றார் அவர். நல்ல பட்டு, உனக்குப் போட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது என்றார்.

முதலில் கோபம் வந்தது. பிறகு, விசாரிக்காமல் புகழ்ந்த முதல் ஆளே வீட்டுக்குள் இருந்ததை நினைத்துச் சிரிப்பு வந்தது. கேட்காமலே சொல்லிவிட்டாரே என்று அவர் மேல் பிரியமும் பொங்கியது. இரண்டாம் விதிப்படி அந்த ஒரு வரியை மட்டும் பேனாவால் அடித்தாள். அவர் பிளேடை எடுத்து லைனிங்கைப் பிரிக்க உட்கார்ந்தார். டாக்டரம்மா வீட்டுக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

மறுநாள் காலை, லைனிங் இல்லாத கோட்டில் குளிரைத் தாங்கிக்கொண்டே பதிவாளரின் அறைக்குப் போனாள். கூட்டக் குறிப்பில் ஒரு திருத்தம் வேண்டும் என்றாள். என்ன என்று அவர் கேட்டார்.

"நேத்து நான் வச்ச ஆணைய, ஒரு வரி நீக்கி, மத்த வரிக்கு மட்டும்னு மாத்திக்கங்க சார்."