சோயா மாவும் நிறுத்திய மாத்திரையும்

தையல் ஆலையின் இஸ்திரிப் பிரிவில் அவளைக் கடுகு என்றுதான் கூப்பிடுவார்கள். எண்ணெய் காய்வதற்கு முன்பே வெடிப்பவளாம்.

பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த கணவர் வண்டிக்கு அடியிலேயே மயங்கிவிட்டார் என்று செய்தி வந்ததும், போட்டது போட்டபடி மருத்துவமனைக்கு ஓடினாள். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாரா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒருநாள்கூட விடமாட்டாருங்க" என்று அடித்துச் சொன்னாள். கட்டிலில் கிடந்தவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

துருவித் துருவிக் கேட்டதில் விஷயம் வெளிவந்தது. அவருடைய தங்கை கொஞ்ச நாளாகச் சோயா பவுடர் டப்பா விற்றுக்கொண்டிருந்தாள். தினமும் ஒரு டம்ளர் கரைத்துக் குடித்தால் மாத்திரையே தேவையில்லை என்று அண்ணனின் காதில் ஓதியிருக்கிறாள். அவரும் தினமும் மாத்திரையை வாஷ்பேசினில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறார்.

கடுகுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தங்கள் வீட்டு அடுப்படிக்குச் சோயாவைக் கொண்டுவந்தவளே கடுகுதான். உருண்டைகளை வெந்நீரில் ஊறவைத்து, பச்சை வாடை போகப் பிழிந்து, பொடியாக நறுக்கி வெங்காயத்தோடு வதக்குவாள். ரொட்டிக்குப் பிசையும் மாவில் ஒரு கைப்பிடி சோயா மாவு சேர்ப்பாள். சோயாப் பாலில் செய்த டோஃபுக் கட்டியைத் தோசைக்கல்லில் முறுகவிட்டால் மகள் தட்டை வழித்துவிடுவாள். கறிக்கு ஈடான புரதம், பசியும் தாங்கும், கெட்ட கொழுப்பையும் குறைக்கும். அதற்குமேல் அந்தப் பயறிடம் அவள் எதையும் எதிர்பார்த்ததில்லை.

மாலையில் நாத்தனார் பழப்பையோடு மருத்துவமனைக்கு வந்து நின்றாள்.

"அண்ணி, சோயா உடம்புக்கு நல்லதுதானே?"

"நல்லதுதான். சோறுகூட நல்லதுதான். அதுக்காக மாத்திரைய நிறுத்தச் சொல்வியா?"

"பவுடர் கம்பெனி மீட்டிங்ல அப்படித்தான் சொன்னாங்க. நானும் நம்பிட்டேன்."

"நீ நம்பிப் பாக்கறதுக்கு உங்கண்ணன் உசிருதான் கெடைச்சுதா?"

நாத்தனார் அழ ஆரம்பித்தாள். கடுகு மசியவில்லை. "அழுதது போதும். யார் யாருக்கு இப்படிச் சொன்னே? நட, இப்பவே போவோம்."

தெருத் தெருவாகக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு வீட்டில் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார்கள். இன்னொரு வீட்டில் ஓய்வுபெற்ற தபால்காரர் பிரிக்காத மாத்திரை அட்டையை எடுத்துவந்து காட்டினார். "அப்ப இதை மறுபடி சாப்பிடணுமாம்மா?"

நாத்தனார் தலைகுனிந்தபடி சொன்னாள்: "நான் சொன்னது தப்புங்க. உடனே டாக்டரைப் பாருங்க."

கணவர் தேறி வீட்டுக்கு வந்தார். மாத்திரையை விழுங்கும்வரை அவள் எதிரில் நிற்பாள்.

"உன்கிட்ட சொன்னா நீ கத்துவேன்னுதான் சொல்லல" என்றார் ஒருநாள்.

"தங்கச்சிகிட்ட ரகசியம் பேசின வாய்தானே. தெறங்க."

அவர் திறந்தார். பல வாரங்களுக்கு அவள் அவரிடம் பேசியது அவ்வளவுதான்.