பிளாப்பி முதலில், ஹார்டு டிஸ்க் அப்புறம்

வீட்டில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர் நேற்றுக் காலை எழுந்திருக்க மறுத்தது. கறுப்புத் திரையில் இரண்டே வரி இங்கிலீஷ். மகள் பதறிப்போய் கடைக்காரனுக்குப் போன் போட்டாள். நான் பின்னால் செருகியிருந்த பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு மறுபடி ஆன் செய்தேன். வந்துவிட்டது. "ஒனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றாள். அடுப்பைக் காரணம் சொல்லி நழுவிவிட்டேன். உங்களிடம் சொல்வதற்கென்ன.

ஏலக்காய் வாசனையோடு சூடமும் புதுப் பிளாஸ்டிக்கும் கலந்தால் எனக்கு இன்றும் ஒரு கண்ணாடி அறை ஞாபகம் வரும். எண்பதுகளின் கடைசியில், போடியில் ஓர் ஏலக்காய் மண்டியில் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அதற்குக் கண்ணாடி அறை, ஏசி, தலையில் குங்குமம், தினம் சூடம். செருப்பை வெளியே விட வேண்டும். மதுரையில் தங்கிப் படித்துவிட்டு வந்த நான்தான் ஆபரேட்டர். எங்கள் ஊர் ராசிங்காபுரத்திலிருந்து பஸ்ஸில் போவேன். சித்திரை வெயிலிலும் கையில் ஸ்வெட்டர். ஊரில் கம்ப்யூட்டர் பிள்ளை என்றார்கள். என் நடையே கொஞ்சம் மாறித்தான் போயிருந்தது.

ஒரு காலையில் அது கிளம்பவில்லை. முந்தின சாயங்காலம் நான் திறந்துவிட்டுப் போன, பிளாப்பித் தகடு செருகும் வாயின் பிடி இப்போது மூடியிருந்தது. அதைத் திருப்பக் கை நீட்டினேன். "தொட்டது போதும்," என்றார் பின்னால் நின்ற முதலாளி.

பிறகு முதலாளியின் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டார். தணிந்த குரலில்தான் கேட்டார்.

"ஏத்தா, வீட்டுக்குத் தூரமா இருக்கையில உள்ள போனியா? மறைக்காமச் சொல்லு."

எனக்கு அப்போது பொய் சொல்ல வராது. போனேன் என்றேன். அறையைக் கழுவிவிட்டு ஐயரை வரவழைத்தார்கள். என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் ஊருக்குள் இறங்குவதற்கு முன்பே சேதி இறங்கியிருந்தது. அப்பா என்னைக் கண்டதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அம்மா, பெரிய எடத்து மெசினக் கெடுத்துட்டு வந்து நிக்கிறாளே என்று யாரிடமோ புலம்பிக்கொண்டிருந்தாள்.

மதுரையிலிருந்து இஞ்சினியர் வந்ததும், நான் என்ன செய்து கெடுத்தேன் என்று கேட்பதற்காக என்னையும் வரச் சொன்னார்கள். அவர் பிடியைத் திருப்பி உள்ளேயிருந்த பிளாப்பியை உருவினார். கார் ரேஸ் விளையாட்டு. அந்த மண்டியில் கார் ரேஸ் விளையாட நேரமிருந்தவர் முதலாளியின் மருமகன் ஒருவர்தான்.

இஞ்சினியர் எனக்கு விளக்கினார். மெசின் எழுந்ததும் முதலில் பிளாப்பியைத்தான் பார்க்கும். அங்கே ஏதாவது ஒன்று செருகியிருந்தால் அதற்குள் தேடும். தேடியது கிடைக்காவிட்டால் அங்கேயே நின்றுவிடும். ஹார்டு டிஸ்க் பக்கம் திரும்பாது. ஒரு சாவியை அழுத்தி ஏதோ ஒரு நீலத் திரைக்குள் போய், முதலில் ஹார்டு டிஸ்க், அப்புறம் பிளாப்பி என்று வரிசையை மாற்றி வைத்தார். கெட்டுப்போனது ஒன்றுமே இல்லை என்றார்.

முதலாளி பிளாப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "மாப்ளே, இனிமே பாத்து வைங்க," என்றார். இஞ்சினியருக்குக் காப்பி வந்தது.

நான் நின்றுகொண்டே இருந்தேன். "ஒனக்குப் பதிலா ஆள் சொல்லியாச்சுத்தா," என்றார் முதலாளி.

வேலை போனால் போகட்டும், நான் கெடுக்கவில்லை என்று எங்கள் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டேன்.

"அதெல்லாம் எதுக்குத்தா. அதான் மெசின் சரியாயிருச்சுல்ல," என்றார்.

வீட்டில் நானே சொன்னேன். பிளாப்பி, வரிசை, நீலத் திரை எல்லாம் சொன்னேன். அப்பா கேட்டுவிட்டு, தப்பு இல்லையென்றால் அவர்களே திரும்பக் கூப்பிட்டிருப்பார்களே என்றார். அந்த வருசமே, மலைமேல் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தவருக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனிதர்தான். ஆனால் பெண் பார்க்க வந்த அன்று என் மாமியார், இவதானா அந்த மெசினு பிள்ளை என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அப்புறம் நெடுங்காலம் எந்தக் கம்ப்யூட்டர் முன்னாலும் நான் உட்காரவில்லை.

மண்டியை இடித்து ஜவுளிக்கடை கட்டிவிட்டார்கள். பிளாப்பி என்றால் என்னவென்று என் மகளுக்குத் தெரியாது. முதலாளி இல்லை, அவர் மனைவி இல்லை. மருமகனும் போய்ச் சேர்ந்தார் என்று கேள்வி. அப்பாவுக்குப் பின்னாலேயே அம்மாவும் போனாள்; கடைசி வரைக்கும் அவள் அந்தப் பழியை நம்பிக்கொண்டுதான் இருந்தாள். நான் கெடுத்தேன் என்று சொன்ன வாய்களில் ஒன்றுகூட இன்று இல்லை. நான் கெடுக்கவில்லை என்று இனி யாரிடம் போய்ச் சொல்ல?