மூன்று நிமிடச் சாட்சி

ஒருவருக்கு எழுதச் சொல்லி மேலிருந்து அழைப்பு வந்திருக்கிறதா, வெறுமனே கை துறுதுறுக்கிறதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? கண்ணாடிக் கடை அக்காவைப் பார்த்த எல்லோருக்கும் இந்தக் கேள்வி வந்தது. பேருந்து ஓட்டுநரான அவள் கணவருக்கு மட்டும் வரவில்லை. “துறுதுறுப்புதான்” என்று அவர் முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அக்கா மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து பிரேமில் பொருத்துகிறவள். நாற்பத்து மூன்றாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை, தேய்க்கும் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருந்தபோது, கர்த்தர் தன்னை எழுத அழைக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால், உனக்குப் பசி எப்படித் தெரிகிறது என்று திருப்பிக் கேட்பாள். என்ன எழுதுவது என்பதைத்தான் கர்த்தர் சொல்லவில்லை.

அந்தக் குறையைச் சபை தீர்த்துவைத்தது. மாதத்தின் கடைசி ஞாயிறன்று அங்கே இரண்டு பேர் சாட்சி சொல்வார்கள். கர்த்தர் தமக்குச் செய்த நன்மையை எல்லோர் முன்னும் எடுத்துச் சொல்ல வேண்டும். ஒரு பெரியவர் தம் குடலிறக்கத்தைப் பற்றி ஐம்பது நிமிடம் பேசி, முன்வரிசையில் ஒருவர் மயங்கி விழுந்த பிறகு, போதகர் சட்டம் போட்டார். சாட்சியை எழுதி வந்துதான் வாசிக்க வேண்டும்; மூன்றாவது நிமிடத்தில் மணி அடிக்கும். எழுத வராதவர்கள் கண்ணாடிக் கடைப் படியேறத் தொடங்கினார்கள்.

அக்காவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆர்டர் சீட்டுகளின் முதுகில் எழுதித் தள்ளினாள். சளி பிடித்தவர் அவள் பேனாவில் மரண வாசலைத் தட்டிவிட்டுத் திரும்பினார். சைக்கிளிலிருந்து விழுந்தவர் பாதாளத்தில் விழுந்து எழுந்தார். எழுதியதைத் தானே வாசித்துத் தானே அழுவாள்.

“நம்ம சபையில இப்ப யாருமே சும்மா பிழைக்கிறதில்ல. எல்லாரும் செத்துட்டுத்தான் பிழைக்கிறாங்க” என்றார் கணவர்.

“உங்களுக்கு வயித்தெரிச்சல்” என்றாள் அக்கா.

ஒரு புதன்கிழமை போதகரே கடைக்கு வந்தார். தளர்ந்துபோன பிரேமை முடுக்கக் கொடுத்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

“தையல்காரருக்கு விரல்ல ஊசிதானே குத்திச்சு? நீங்க கையே போயிருக்கும்னு எழுதியிருக்கீங்க.”

“போயிருக்கலாம் இல்லைங்களா ஐயா?”

“போகலையேம்மா. அன்னைலேர்ந்து அந்தாளு கையைத் துண்டுல சுத்திக்கிட்டு அலையுறாரு, பாவம்.” போதகர் சிரிக்கவில்லை. “இந்த ஞாயித்துக்கிழமை ரெண்டு பேருக்கு எழுதுறீங்க. உள்ளதை உள்ளபடி எழுதுங்க. நல்லா வந்தா, சபைப் பத்திரிகையில மாசம் ஒரு பக்கம் உங்களுக்கு. வரலைன்னா பேனாவை மூடி வச்சிருங்க. அழைப்புன்னும் இனிமே சொல்லிக்க வேண்டாம்.”

அந்தப் பக்கத்துக்கு அக்கா ஏழு வருடமாகத் தவம் கிடந்தவள். பிரேமின் திருகாணி கைநழுவி எங்கேயோ உருண்டது.

அக்கா எழுதிக் கொடுக்க வேண்டிய இருவரில் ஒருவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர், பெரிய மீசைக்காரர். மற்றவர் பாட்டுக்குழுத் தலைவியான பெரியம்மா. அந்த அம்மாள் உள்ளே நுழைந்தால் செருப்புகூடச் சத்தம் போடாது. இருவரும் சொன்னதை அக்கா அப்படியே எழுதினாள். இடி இல்லை, மின்னல் இல்லை, தேவதூதர் ஒருவர்கூட இல்லை. உப்பில்லாமல் சமைக்கிற மாதிரி இருந்தது. இருவரும் புதுக் கண்ணாடியும் கேட்டிருந்ததால், அவரவர் தாளை மடித்து அவரவர் கண்ணாடிப் பெட்டியில் வைத்து மூடினாள். இரண்டும் கறுப்புப் பெட்டிகள்.

ஞாயிறன்று லிஃப்ட்காரர் மேடையேறி, பெட்டியைத் திறந்து, கண்ணாடியை மாட்டி, கண்களைச் சுருக்கினார். தாளைக் கையெட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக மீட்டெடுத்து, உரக்க வாசித்தார்.

“என்... மூன்றாவது... பிரசவத்தில்...”

சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. எழுத்தோடு மல்லுக்கட்டிய அவசரத்தில் அவருக்குப் பொருள் ஏறவில்லை. “என் மாமியார்... வெந்நீர் வைத்தார். அதுவரை... நான் அவரை... வெறுத்திருந்தேன்.” பின்வரிசையில் யாரோ வெடித்துச் சிரித்தார்கள். மீசை நடுங்க அவர் கடைசி வரிவரை போனார். இறங்கி வந்த பிறகுதான் அவர் மனைவி காதில் ஏதோ சொன்னாள். அவர் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார்.

இரண்டாவது பெஞ்சில் அக்கா பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தாள். பெட்டி மாறியிருக்கிறது. அப்படியானால் இப்போது மேடைக்குப் போகிற பெரியம்மாவின் கையில்?

பெரியம்மா தம் பழைய கண்ணாடியிலேயே முதல் வரியை மனதுக்குள் வாசித்தார். சபையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

“நாலு மணி நேரம் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டேன்” என்று அந்த ஆசாரமான குரல் நிதானமாக வாசித்தது. “பயத்தில் ஜெபம் வரவில்லை. சினிமாப் பாட்டுத்தான் வந்தது. அதையே ஏழு தடவை பாடினேன். கர்த்தர் கேட்டுக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன். வெளியே வந்ததும் ஒன்றுக்குப் போனேன்.”

சிரிப்பில் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. போதகர் மணி அடிக்க மறந்து மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். ஆராதனை முடிந்தும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. “எனக்கும் அப்படித்தான், ஜெபம் வராது” என்று ஒருவர். “எங்க மாமியாரும் வெந்நீர் வச்சாங்க” என்று இன்னொருத்தி. வாசலில் வைத்து இத்தனை பேர் ஒருவருக்கொருவர் உண்மையைச் சொன்னது அந்தச் சபையில் அதுவே முதல் தடவை.

அக்கா தலை குனிந்து போதகரிடம் போனாள். “பெட்டியை மாத்திட்டேன் ஐயா.”

“பெட்டி மாறினா மாறட்டும். ஒரு வரியாவது பொய்யா?”

“இல்லைங்க.”

“அப்ப பக்கம் உங்களுக்கு. முதல் மாசம் உங்க சாட்சி. அழைப்பு எப்படி வந்துச்சுன்னு எழுதுங்க.”

கணவர் அன்றே புது நோட்டு வாங்கி வந்தார். துறுதுறுப்பு என்ற வார்த்தையை அதற்குப் பிறகு அவர் வாயில் யாரும் கேட்கவில்லை.

அன்றிரவு எழுத உட்கார்ந்த அக்கா, இரண்டாவது வரியிலேயே மின்னல் வந்துவிட்டதைப் பார்த்து அந்தத் தாளைக் கிழித்தாள். மறுநாள் மதியம் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு, லிஃப்ட்காரர் வேலை செய்துகொண்டிருந்த கட்டடத்துக்குப் போனாள்.

“என் சாட்சியை நீங்க எழுதிக் கொடுங்க.”

“அக்கா, எனக்கு ரசீது எழுதவே கை நடுங்கும்.”

“தெரியும். நான் சொல்றேன், நீங்க எழுதுங்க.”

அவர் கிரீஸ் துடைத்த கையோடு படியில் உட்கார்ந்து பதினோரு வரி எழுதினார். அக்கா அதில் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தாமல் பத்திரிகைக்கு அனுப்பினாள். ஏன் என்று போதகர் கேட்டார், பெரியம்மா கேட்டார், கணவர் வருடக்கணக்காகக் கேட்டார். அக்கா யாருக்கும் சொல்லவில்லை.