கோதுமைக்கு நடுவே ஒரு வழி

பாபு, தேவி! உங்கள் நைனா எழுதுகிறேன். சண்டை போடாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் படியுங்கள். இங்கே இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆட்கள் கோல் ஊன்றிக்கொண்டு போகிறார்கள். ஒருவருக்கும் காலில் குறை கிடையாது. முதுகில் பை, கூடவே நாய். சந்தைக்கும் போகவில்லை, கோயிலுக்கும் போகவில்லை. எங்கே போகிறீர்கள் என்று ஓர் அம்மாவைக் கேட்டேன். “நடக்க” என்றார். நான் கேட்டது புரியவில்லை போலிருக்கிறது என்று மறுபடியும் கேட்டேன். அதே பதில்தான் வந்தது.

கும்மிடிப்பூண்டி கம்பெனி என்னை ஒரு வருஷ வேலைக்கு அனுப்பியிருக்கும் இந்தக் கவுண்டி, நம் திருவள்ளூர் மாவட்டம் மாதிரி வயல்கள் நிறைந்த ஒரு மாவட்டம். ஊருக்குள் ஊஞ்சலும் பெஞ்சும் போட்ட பார்க் இருக்கிறது. ஆனால் பெரியவர்கள் அங்கே தங்குவதில்லை. பார்க்கின் பின்கேட்டைத் திறந்துகொண்டு நேரே வயலுக்குள் போய்விடுகிறார்கள். போன ஞாயிறு நானும் பின்னாலேயே போனேன். கேட்டைத் தாண்டினால் இடுப்பளவு கோதுமை. அதன் நடுவே, ஓர் ஆள் போகிற அகலத்துக்கு மிதிபட்ட தடம். எல்லாரும் அதில் வரிசையாக இறங்கிப் போனார்கள். எனக்குக் கால் வரவில்லை. கதிர் பிடித்த பயிரில் எப்படி மிதிப்பது? வயலின் ஓரமாகவே சுற்றிக்கொண்டு போனேன்.

அப்போது மனசெல்லாம் நம் நிலத்திலேயே இருந்தது. நம் ஊருக்கு வந்த புதுக் கம்பெனி மதில் எழுப்பிய பிறகு ஏரிக்கரை மைதானத்துக்குப் போகும் வண்டித்தடம் மறைந்துவிட்டது. நீங்களும் தெருப் பிள்ளைகளும் மட்டையைத் தூக்கிக்கொண்டு நம் வரப்பு வழியாகத்தான் விளையாடப் போகிறீர்கள். பயிர் மிதிபடுகிறது, அறுப்பு முடிந்ததும் வேலி போட்டுவிடுவதாகச் சித்தப்பா சொல்லி, என் சம்மதத்துக்குக் காத்திருந்தார். “வேலி போட்டுட்டா நாங்க எங்க நைனா போயி ஆடறது?” என்று தேவி போனில் கேட்டாள்.

அந்த நினைப்பில் போகும்போது எதிர்ப்பக்கமிருந்து ஒருவர் கையை ஆட்டிக் கத்தினார். நிலத்துக்காரர். விரட்டுகிறார் என்று நினைத்துத் திரும்பி வேகமாக நடந்தேன். அவர் இன்னும் உரக்கக் கத்திக்கொண்டு பயிருக்குள் புகுந்து வந்து என்னைப் பிடித்துவிட்டார். ஒரு கம்பத்தில் இருந்த மஞ்சள் அம்புக்குறியைக் காட்டி, என் தோளைப் பிடித்து நடுத்தடத்துக்குத் திருப்பிவிட்டார். அவர் பேசிய இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் பிடிபட்டது. பிடிபட்டவரையில், ஓரம் அவருடையது, அதில் நான் நடக்கக் கூடாது. நடுவில் இருப்பது ஜனங்களின் வழி, அதில் தாராளமாக நடக்கலாம்.

“நிலம் உங்களுடையதா?” என்று கேட்டேன்.

“என்னுடையதுதான்.”

“அப்புறம் ஏன் விடுகிறீர்கள்?”

“விட நான் யார்? என் தாத்தாவுக்கு முன்னாலிருந்தே நடக்கிறார்கள்.” உடனே, பயிருக்குள் ஓடும் நாய்களைப் பற்றி முகம் சிவக்கத் திட்ட ஆரம்பித்தார். திட்டி முடித்துவிட்டு, “எனக்காகச் சுற்றிப் போன முதல் ஆள் நீதான்” என்று சிரித்தார்.

இதற்காகச் சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் அவருக்கும் பயிர் நஷ்டம்தான், கோபமும் இருக்கிறது, வழியும் இருக்கிறது. மூன்றும் ஒரே வயலில் இருக்க முடியும் என்று நான் யோசித்ததே இல்லை.

அன்று மத்தியானமே போன் கார்டு வாங்கிச் சித்தப்பாவைக் கூப்பிட்டேன்.

“இன்னா அண்ணாத்தே, கல்லு, கம்பி எல்லாம் பேசி வெச்சிக்கினு உன் வாயத்தான் பாத்துக்கினு கீறேன். போடட்டா?”

“போடு ஏழுமலை. ஆனா நடு வரப்ப அகலமா கட்டி, வேலில ரெண்டு முனையிலயும் ஒரு ஆளு நுழையற மாதிரி சந்து உடு.”

“குளுரு தலைக்கு ஏறிக்கிச்சா உனுக்கு? இன்னிக்கி சந்து உட்டா நாளிக்கி பாத்தியம் கேப்பானுங்க. மதிலு கட்டன கம்பெனிக்காரன் பக்கத்து நிலத்த வெல பேசிக்கினு கீறான், அவனும் வழி கேப்பான், தெரியுமா?”

“தெரியும். கேட்டா கேக்கட்டும். நம்ப புள்ளைங்களும் அதுல தானடா போவுதுங்க.”

சித்தப்பா கல், கம்பிக் கணக்கை முணுமுணுத்துப் பார்த்தார். கார்டில் காசு ஓடிக்கொண்டிருந்தது. “செரி, ஒரு போகம் உட்டுப் பாக்கறேன். நெல்ல மிதிச்சானுங்கன்னு வெச்சிக்கோ, நானே முள்ளு வெட்டியாந்து அடைப்பேன்” என்றார்.

ஆகவே பிள்ளைகளே, வழி இருக்கிறது. ஆனால் ஒரு போகத்துக்குத்தான். வரப்பில் ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். பந்து பயிருக்குள் விழுந்தால் ஒரே ஒருத்தர் இறங்கித் தேடுங்கள், கூட்டமாக இறங்காதீர்கள். சித்தப்பா கெட்டவர் இல்லை. நாம் தின்பது அந்த நெல்லைத்தான்.

ராத்திரிச் சாப்பாட்டை முடித்தபோது மணி எட்டு தாண்டியிருந்தது. இங்கே கோடையில் அப்போதும் வெயில் அடிக்கிறது. அறைக்குப் போகாமல் அந்தக் கோதுமை வயலுக்குத் தனியாகப் போனேன். இந்தத் தடவை நடுத்தடத்தில் இறங்கினேன். யாரும் கத்தவில்லை. ஆனாலும் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். பாதி தூரத்தில் ஒரு கோதுமைத் தாள் தடத்தின் குறுக்கே சாய்ந்து கிடந்தது. குனிந்து அதை நிமிர்த்திப் பக்கத்துத் தாள்களோடு சேர்த்து நிற்க வைத்தேன். கையை எடுத்ததும் மறுபடி வழியின் மேலேயே சாய்ந்தது. மிதிக்காமல் காலை எட்டி வைத்து அதைத் தாண்டி, அந்தப் பக்கம் போனேன்.