பேருந்தில் விழுந்து காட்டிய பெரியவர்

இன்று ரெட்டியார்சத்திரம் பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெரியவரோடு எனக்கு ஒரு வழக்கு.

அறுபதுகளில் படத்துக்குப் படம் கத்திக்குத்து வாங்கிச் செத்தே பேர் வாங்கிய அந்த வில்லன் நடிகர், எந்தப் பக்கம் சாய்ந்து விழுவார்?

“இடப்பக்கம்” என்றேன்.

“டூரிங் டாக்கீஸ் மணல்ல உக்காந்து அம்புட்டுப் படமும் பாத்தவன் நான். வலப்பக்கந்தாம்மா!” என்றவர், எழுந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருக்கைகளுக்கு நடுவே விழுந்தே காட்டினார்.

நடத்துநர் பதறி விசில் ஊதினார். “அண்ணே, வண்டிய ஆஸ்பத்திரிக்கு விடுங்க!”

யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். பெரியவர் ஒரு கண்ணை மட்டும் திறந்து, “இப்ப ஒத்துக்கிறீகளா?” என்றார்.

“அந்த நடிகர் படத்துல செத்ததுக்கப்புறம் ஒருநாளும் பேசினதில்லை” என்றேன்.

அவர் படங்களைப் பார்த்தவர்கள் சாட்சி சொல்ல வாருங்கள். இடப்பக்கம் என்பவர்கள் மட்டும்.